விடியற்காலைப் பாக்கெட்

மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலை அரவை நடக்கும் மாதங்களில் காற்றில் வெல்லப்பாகும் புளிப்பும் கலந்த ஒரு மணம் இருக்கும். கள்ளக்குறிச்சிப் பகுதியின் இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் முதலாவது, தென்பெண்ணைக் கரையில் இருக்கும் இந்த ஊரில் உள்ளது. இரண்டாவது கச்சிராயபாளையத்தில், கல்வராயன் மலையடிவாரத்தில். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுத்த பாகுக்கு மொலாசஸ் என்று பெயர். அதன் எடையில் ஏறக்குறைய பாதி இன்னமும் சர்க்கரைதான். அதில் ஈஸ்ட்டை விட்டால் எத்தனால் கிடைக்கும். டாஸ்மாக் கடையில் பிராந்தி, ரம், விஸ்கி என்று வெவ்வேறு சீட்டு ஒட்டி விற்கும் பாட்டில்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் இந்த மொலாசஸ்தான்.

மேற்கே மலைக்குள் ஓடையோரம் பேரல்களில் ஊறுவதும் இதே வேதியியல். வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய், தண்ணீர். சில நாளில் நுரைத்துக் கிளம்பும் அந்தக் கலவைக்கு ஊறல் என்று பெயர். "கல்வராயன் மலையில் ஆயிரம் லிட்டர் சாராய ஊறல் அழிப்பு" என்பது இந்த மாவட்டத்துப் பத்திரிகைகளில் மழைச் செய்தியைவிட அடிக்கடி வரும் தலைப்பு. காய்ச்சிய சரக்கு லாரி டியூப்களில் அடிவாரத்துக்கு இறங்கும், அங்கே பாக்கெட்டாகும்.

கெட்ட ஊறலால்தான் மனிதர்கள் சாகிறார்கள், அனுபவமில்லாதவன் காய்ச்சினால் சாராயம் விஷமாகிவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அது சரியல்ல. ஈஸ்ட் சர்க்கரையை உடைக்கும்போது உண்டாவது இரண்டு கார்பன் கொண்ட எத்தனால். ஒற்றைக் கார்பன் கொண்ட மெத்தனால், பழத்தோலில் இருக்கும் பெக்டின் சிதையும்போது சிறிதளவு வரும். வெல்ல ஊறலில் அதற்கு வழி மிகக் குறைவு. கூட்டமாக மனிதர்களைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் எந்த ஓடையோரத்திலும் உண்டாவதில்லை. அது தொழிற்சாலைச் சரக்கு. இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ தயாராகி, பிசின், பெயின்ட், ஃபார்மால்டிஹைடு செய்யப் போகும் திரவம். எத்தனாலைப் போலவே நிறமற்றது, மணத்திலும் சுவையிலும் குடிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. கலால் வரி இல்லாததால் மலிவு. தண்ணீர் விட்டு நீர்த்துப்போன சாராயத்துக்குக் காரம் ஏற்ற யாரோ ஒருவர் இதைக் கொண்டுவந்து ஊற்றுகிறார். கையில் இருப்பது என்னவென்று பல நேரம் அவருக்கும் சரியாகத் தெரிந்திருக்காது.

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் நடந்தது அதுதான். நீதிமன்றமும் காவல் நிலையமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும், பெரும்பாலும் தலித் கூலித் தொழிலாளர்கள் வாழும் குடியிருப்பு. பாக்கெட் சாராயம் குடித்த 200க்கும் மேற்பட்டோர் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். பெண்கள் உட்பட 65க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு ஓராண்டு முன்புதான், 2023 மே மாதம், மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் 20க்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது.

மெத்தனால் குடித்தவுடன் கொல்லுவதில்லை என்பதுதான் இதில் மிக மோசமான அம்சம். சொல்லப்போனால் மெத்தனால் நேரடியாகக் கொல்வதே இல்லை. கல்லீரலில் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அது எத்தனாலை அசிட்டால்டிஹைடாக மாற்றும். அடுத்த நொதி அதை அசிட்டிக் அமிலமாக்கும். அது நம் உடலுக்குப் பழக்கமான பொருள், எரித்துச் சக்தியாக்கிவிடும். மெத்தனாலும் இதே இரண்டு படிகளில்தான் ஏறுகிறது. ஆனால் முதல் படியில் கிடைப்பது ஃபார்மால்டிஹைடு, இரண்டாவதில் ஃபார்மிக் அமிலம். எறும்புக் கடியில் எரிச்சல் தரும் அதே அமிலம். அதைக் கரியமில வாயுவாக மாற்றி வெளியேற்ற ஃபோலேட் வைட்டமின் தேவை. மனிதக் கல்லீரலில் அந்த வேலை மந்தமாகவே நடக்கும். எலி, நாய் போன்றவற்றில் வேகமாக நடக்கும். அதனால்தான் ஆய்வகத்து எலிகள் மெத்தனாலைத் தாங்கின, ஆராய்ச்சியாளர்கள் குழம்பினார்கள். 1950களில் குரங்குகளிடம் சோதித்த பிறகுதான் அமிலத்தின் பங்கு துலங்கத் தொடங்கியது.

தேங்கும் ஃபார்மிக் அமிலம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. இரத்தத்தை அமிலமாக்குகிறது. செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதியைத் தடுக்கிறது. நுரையீரல் காற்றை இழுக்கிறது, இரத்தம் அதைச் சுமந்து செல்கிறது, ஆனால் செல் அதைப் பயன்படுத்த முடியாமல் மூச்சுத்திணறுகிறது. முதலில் அடிவாங்குவது இடைவிடாமல் சக்தி கேட்கும் இடங்கள்: கண்ணின் விழித்திரையும் பார்வை நரம்பும், மூளையின் ஆழத்தில் உடல் அசைவைச் சீராக்கும் புட்டாமென் பகுதியும். பனிப்புயலுக்குள் நிற்பதுபோலப் பார்வை வெளுக்கும் என்று மருத்துவ நூல்கள் எழுதுகின்றன. பனிப்புயலே பார்க்காத நம்மூரில் "எல்லாம் புகையா தெரியுது, வெள்ளையா இருக்கு" என்பார்கள். பிழைத்தாலும் பார்வை திரும்பாமல் போகலாம். நடை தளர்ந்து, கை இறுகி, பார்க்கின்சன் நோயாளியைப் போல ஆகிவிடுவதும் உண்டு. 2001இல் எஸ்தோனியாவின் பார்னு நகரத்தில் 68 பேர் மெத்தனாலால் இறந்தார்கள். அங்கே பிழைத்தவர்களை ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது கண்ணிலும் நரம்பிலும் இந்தச் சேதங்களையே கண்டார்கள்.

அமிலம் சேர நேரம் பிடிக்கும். குடித்ததிலிருந்து பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம். கூடவே நல்ல சாராயமோ டாஸ்மாக் சரக்கோ குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஏனென்றால் அந்த நொதி மெத்தனாலைவிட எத்தனாலைப் பத்து இருபது மடங்கு விரும்பும். பந்தியில் எத்தனால் உட்கார்ந்திருக்கும்வரை மெத்தனாலுக்கு இலை கிடைக்காது. இடையில் குடித்தவர் தூங்குகிறார், எழுகிறார், வேலைக்குப் போகிறார், வழக்கமான தலைவலி என்று நினைக்கிறார். கருணாபுரத்தில் முதலில் இறந்தவர்களின் துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சரக்கை வாங்கிக் குடித்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. படிப்பதற்கு அறிவீனமாகத் தோன்றும். ஆனால் நேற்று அதே பாக்கெட்டைக் குடித்த நான்கு பேர் இன்று கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருக்கையில், சாவுக்குக் காரணம் சாராயம் என்று எவருக்குத் தோன்றும்? பாம்புக் கடிபோல உடனே கொல்லும் விஷமாக இருந்தால் மூன்றாவது ஆளோடு விற்பனை நின்றிருக்கும்.

மருத்துவம் இந்தப் பந்தியை வைத்தே வேலை செய்கிறது. நொதியை அடைத்து வைத்தால் மெத்தனால் மெத்தனாலாகவே இருக்கும், அதிகக் கேடு செய்யாது, மெல்ல வெளியேறும். அடைப்பதற்கு இரண்டு பொருள்கள். ஒன்று எத்தனாலே. அளந்து, இரத்தத்தில் ஒரே அளவில் நிறுத்தி, மணிக்கணக்கில் கொடுக்க வேண்டும். வியட்நாமின் குவாங் ட்ரி மாகாண மருத்துவமனையில் பதினைந்து டப்பா பீர் கொடுத்து ஒருவரைக் காப்பாற்றினார்கள். 2019 தொடக்கத்தில் உலகமெங்கும் சிரிப்புச் செய்தியாக ஓடியது அது, உண்மையில் பாடநூல் மருத்துவம். வீட்டில் பிராந்தி ஊற்றி இதைச் செய்துபார்க்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அமிலம் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட உடலுக்கு அது உதவாது, நேரம்தான் போகும். இரண்டாவது பொருள் ஃபோமெபிசோல் என்ற ஊசி மருந்து. எத்தனாலைவிடப் பாதுகாப்பானது, போதை தராது, விலை அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2013 முதல் இருக்கிறது. 2012இல் செக் குடியரசில் மெத்தனால் சாவுகள் தொடங்கியபோது அந்த நாடு கடும் மது வகைகளின் விற்பனையை நாடு முழுவதும் நிறுத்தி வைத்தது, இந்த மருந்தை நார்வேயிலிருந்து தருவித்தது. கள்ளக்குறிச்சி நேரத்தில் நம் அரசியல்வாதிகளிடையே ஒமேப்ரசோல் கையிருப்பு பற்றிச் சண்டை நடந்தது. அது வயிற்றெரிச்சலுக்குத் தரும் மருந்து. மாற்று மருந்தின் பெயரே சரியாகத் தெரியாத நிலையில் கையிருப்பைப் பற்றி என்ன பேசுவது?

சேர்ந்துவிட்ட அமிலத்தைச் சமன்செய்ய சோடியம் பைகார்பனேட். அமிலத்தை உடைக்கும் மந்தமான வேலையை முடுக்க ஃபோலினிக் அமிலம். மெத்தனாலையும் ஃபார்மிக் அமிலத்தையும் ஒன்றாகக் கழுவி எடுக்க டயாலிசிஸ். நொதியை மட்டும் அடைத்து வைத்தால் மெத்தனால் பாதியாகக் குறையவே இரண்டு நாளுக்கு மேல் ஆகும், டயாலிசிஸ் அதைச் சில மணி நேரமாக்குகிறது. ஒரே இரவில் நூறு பேர் வந்து இறங்கும்போது எத்தனை டயாலிசிஸ் இயந்திரங்கள் ஓடுகின்றன என்பதே அந்த இரவின் கணக்கு.

விஷத்தின் கதை இத்துடன் முடிகிறது. அரசும் இத்துடன் முடித்துக்கொண்டது என்பதுதான் என் குறை. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி பி.கோகுல்தாஸ் தலைமையில் ஒரு நபர் ஆணையம் வந்தது. அந்த ஜூன் மாதமே சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிர்ப்பலி ஏற்படுத்தும் கள்ளச்சாராயத்துக்கு ஆயுள் தண்டனைவரை கொண்டுவந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் மாற்றியது. மலைவாழ் மக்களின் நிலை குறித்துத் தானாகவே முன்வந்து இன்னொரு வழக்கையும் எடுத்துக்கொண்டது. எல்லாம் தேவைதான். ஆனால் விற்றவனைப் பற்றியே எல்லாரும் கேட்டார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு மனிதன் ஏன் பாக்கெட் தேடிப் போகிறான் என்ற கேள்வி பாக்கி நிற்கிறது. அதற்கான விடையும் கல்லீரலில்தான் தொடங்குகிறது.

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் எத்தனால் 42.8 சதவீதம், எடையில் சுமார் 60 கிராம். சராசரிக் கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம்வரைதான் எரிக்கும். எவ்வளவு குடித்தாலும் வேகம் ஏறக்குறைய அதேதான், பழகிய குடிகாரருக்குக் கொஞ்சம் கூடுதல். டாஸ்மாக் மூடும் நேரம் இரவு பத்து. அப்போது ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டுப் படுத்தவரின் இரத்தத்திலிருந்து கடைசிச் சொட்டு எப்போது மறையும்? பழகிய குடிகாரருக்கு விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு. கடை மறுபடி திறப்பது பகல் பன்னிரண்டுக்கு. இடையில் ஏழு மணி நேரம்.

எப்போதாவது குடிப்பவருக்கு அந்த ஏழு மணி நேரம் தூக்கமும் தலைவலியும்தான். தினமும், ஆண்டுக்கணக்கில் குடித்தவருக்கு அப்படியல்ல. மூளையில் செல்களை அடக்கி வைக்கும் செய்திப்பொருள் காபா, கிளறிவிடுவது குளூட்டமேட். எத்தனால் முன்னதைத் தூக்கிவிடுகிறது, பின்னதை அமுக்குகிறது. அதனால்தான் குடித்ததும் உடல் தளர்கிறது, பயம் போகிறது. தினமும் இப்படி அமுக்கினால் மூளை சும்மா இருக்காது, சமநிலைக்காகக் காபாவின் வாங்கிகளை மந்தமாக்கிக்கொள்ளும், குளூட்டமேட் வாங்கிகளைக் கூட்டிக்கொள்ளும். உள்ளே சரக்கு இருக்கும்வரை கணக்கு நேராகும். சரக்கு தீர்ந்ததும் அடக்க ஆளில்லாமல் மூளை கொதிக்கும். கடைசியாகக் குடித்ததிலிருந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குச் சித்தம் கலங்கும், இல்லாத பூச்சி ஊரும், இல்லாத ஆள் கூப்பிடுவார். காய்ச்சல் ஏறி, நாடி தறிகெட்டு, கவனிக்காவிட்டால் உயிரே போகும். இதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். ஊரில் இதைப் பேய் பிடித்ததாகவும் செய்வினையாகவும் எடுத்துக்கொண்டு மந்திரிக்க அழைத்துப் போவதுண்டு.

"கை உதறுது, ஒரு கட்டிங் போட்டாத்தான் நிக்கும்" என்று ஒரு கொத்தனாரோ சுமை தூக்குபவரோ சொல்லும்போது அவர் சாக்குச் சொல்லவில்லை. கரணை பிடிக்க வேண்டிய கை நடுங்குகிறது, மூட்டை ஏற்ற வேண்டிய கால் தளர்கிறது, ஏழு மணிக்கு ஆள் எடுக்கும் இடத்தில் நிற்க வேண்டும். பன்னிரண்டு மணிவரை அவர் காத்திருந்தால் அன்றைய கூலி போய்விடும். அதனால் அவர் சந்துக்கடைக்குப் போகிறார், அங்கே டாஸ்மாக் பாட்டில் பிளாக்கில் கூடுதல் விலைக்குக் கிடைக்கும். அல்லது பாக்கெட். 2024இல் டாஸ்மாக்கின் மலிவான குவார்ட்டரே 140 ரூபாய். பாக்கெட் அதில் பாதிக்கும் கீழே. நேரம், விலை, உடலின் அவசரம் மூன்றும் ஒரே இடத்துக்குத் தள்ளுகின்றன.

2023இல் மதுவிலக்குத் துறை அமைச்சராக இருந்த சு.முத்துசாமி, கடையைக் காலையிலேயே திறக்கச் சொல்லி வேலைக்குப் போகிறவர்கள் கேட்கிறார்கள் என்று பேசி, ஊரின் கிண்டலையும் கோபத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். எனக்கு அந்தக் கிண்டலில் பங்கில்லை. அவர் சுட்டிய உடலியல் உண்மையானது. காலை ஏழு மணிக்கு அந்த உடல் எதையோ கேட்கிறது. ஆனால் அது கேட்பதைக் கொடுக்க வேண்டிய இடம் மதுக்கடை இல்லை, ஆரம்ப சுகாதார நிலையம்.

அங்கே கொடுக்கக் கூடிய மருந்துகள் அரை நூற்றாண்டுக்கு மேல் பழையவை, விலையும் குறைவு. குளோர்டயசிபாக்சைடு, டயசிபாம், லோரசிபாம் என்ற வகை மாத்திரைகள் எத்தனால் தூக்கிவிட்ட அதே காபா வாங்கிகளில் உட்காருகின்றன. முதல் நாள் நடுக்கம் அடங்கும் அளவுக்குக் கொடுத்து, ஐந்து முதல் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். மருத்துவர் கண்காணிப்பில் இதைச் செய்தால் வலிப்பும் சித்தக் கலக்கமும் பெரும்பாலும் வராது. கூடவே தயமின், அதாவது பி1 வைட்டமின். இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. குடித்துச் சாப்பிடாமல் கிடப்பவரைத் தெருமுனை கிளினிக்குக்குத் தூக்கிப்போய் "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்பது நம் வழக்கம். குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும். குடிநோயாளி உடலில் அது முன்பே வற்றிக் கிடக்கும். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருந்ததும் தீர்ந்து, கண் அசைவு தடுமாறி, நடை தள்ளாடி, நினைவே நிரந்தரமாகக் கெடும் வெர்னிக்கே-கோர்சகாஃப் நோய்க்கு வழி திறக்கலாம். ஒரு வைட்டமின் ஊசி தடுக்கக்கூடிய மறதி நோய் அது.

உடலை விடுவிப்பது இப்படிப் பத்து நாள் வேலை. அதற்குப் பிறகுதான் கஷ்டமான பகுதி. குடியின் இன்பத்தை எதிர்பார்க்கும் மூளைச் சுற்றுகள் அப்படியே இருக்கும். சம்பள நாள், பழைய கூட்டாளி, மழைச்சாரல், துக்க வீடு என்று ஒவ்வொன்றும் அவற்றைத் தட்டி எழுப்பும். நால்ட்ரெக்ஸோன் மாத்திரை மூளையின் ஓபியாய்டு வாங்கிகளை அடைத்து, குடித்தால் வரும் கிறக்கத்தை மட்டுப்படுத்துகிறது. அகாம்ப்ரோசேட் கொதிக்கும் குளூட்டமேட்டைத் தணிக்கிறது. 2014இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்று, பன்னிரண்டு பேருக்கு அகாம்ப்ரோசேட் கொடுத்தால் ஒருவர் கூடுதலாகக் குடிக்குத் திரும்பாமல் இருப்பார் என்று கணக்கிட்டது. நால்ட்ரெக்ஸோனுக்கு இருபதுக்கு ஒருவர். குறைவாகத் தோன்றலாம். இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் நாம் கேள்வி கேட்காமல் விழுங்கும் பல மாத்திரைகளின் கணக்கு இதைவிட மோசம்.

மூன்றாவது டைசல்ஃபிரம். ரப்பர்த் தொழிலில் பயன்பட்ட ரசாயனம் இது. அதைக் கையாண்ட தொழிலாளர்களால் மது குடிக்க முடியவில்லை என்பதை 1937இல் ஓர் அமெரிக்க மருத்துவர் கவனித்தார். பத்தாண்டு கழித்து டென்மார்க்கில் ஹால்டும் யாக்கப்சனும் அதை மருந்தாக்கினார்கள். கல்லீரலின் இரண்டாவது நொதியை இது தடுக்கிறது. குடித்தால் அசிட்டால்டிஹைடு தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். விருப்பத்தோடு, வீட்டில் ஒருவர் பார்த்திருக்கச் சாப்பிடுபவருக்கு இது நல்ல காவல். ஆனால் நம்மூர்ச் சுவர்களிலும் பேருந்து நிலையங்களிலும் "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்" என்று ஒட்டியிருக்கும் நோட்டீசுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொட்டலங்களில் என்ன இருக்கிறது என்று விற்பவர் சொல்வதில்லை. டைசல்ஃபிரம் இருந்து, அது தெரியாமல் ஒருவர் வயிறு நிறையக் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து இதயமே நிற்கக் கூடும். மனைவி அன்போடு குழம்பில் கலந்தது அவரைக் கொன்றுவிடும்.

நகரங்களில் இப்போது பிடிபடும் மெத்தாம்பெட்டமைனோடு இதை ஒப்பிட்டால் நிலைமை விளங்கும். அந்தப் பளிங்குத்தூள் மூளையில் டோபமீனை வெள்ளமாகத் திறந்துவிடுகிறது, பசியையும் தூக்கத்தையும் நாட்கணக்கில் துரத்துகிறது, சந்தேக நோயைக் கொண்டுவருகிறது. அதன் அடிமைத்தனத்துக்கென்று ஒப்புதல் பெற்ற மருந்து உலகில் இன்றுவரை எதுவும் இல்லை. கைகொடுப்பவை பேச்சு வழிச் சிகிச்சைகளும், சிறுநீர்ச் சோதனையில் சுத்தமாக வரும் ஒவ்வொரு முறையும் சிறு பரிசு கொடுக்கும் முறையும்தான். குடிக்கு அப்படியில்லை. மருந்து இருக்கிறது, மலிவாக இருக்கிறது, நாட்டிலேயே தயாராகிறது. இருந்தும் எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளிவந்த தேசிய ஆய்வில், குடிக்கு அடிமையானவர்களில் முப்பத்தெட்டுப் பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது.

பரிசு முறையை ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொள்ளும் ஆட்களைப் பாருங்கள். வருடம் முழுக்கக் குடித்தவர் ஒரு மண்டலம் தொடமாட்டார். தெருவே அவரைச் சாமி என்று கூப்பிடும், அவர் வீட்டுச் சமையல் மாறும், கூட்டாளிகள் ஒதுங்கிக்கொள்வார்கள், அவருக்கென்று வேறொரு கூட்டம் சேரும். குலதெய்வக் கோயிலில் கயிறு கட்டிக்கொள்பவர்களும் அப்படித்தான். பகுத்தறிவு பேசுகிறவர்கள் இதை ஏளனம் செய்கிறார்கள். எனக்கென்னவோ, ஒரு மனிதரைச் சுற்றியுள்ள மொத்தச் சூழலையும் ஒரே நாளில் மாற்றிவிடும் இப்படியோர் ஏற்பாட்டை எந்த மருத்துவமனையும் இன்னும் செய்து காட்டவில்லை என்று தோன்றுகிறது. குறை என்னவென்றால், மாலையைக் கழற்றிய அன்று மரியாதையும் கழன்றுவிடும், பழைய கூட்டாளி வாசலில் நிற்பார். இன்னொரு குறை இதைவிட ஆபத்தானது: காலையிலேயே குடித்தாக வேண்டிய நிலையில் இருப்பவர் மருந்தின் துணையில்லாமல் சட்டென்று நிறுத்தினால் மாலை போட்ட இரண்டாம் நாளில் வலிப்பு வரலாம். குருசாமியைப் பார்க்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர் அவர்.

ஊரையே சேர்த்துக்கொள்ளும் சிகிச்சையை நம் மாநிலத்தில் சிலர் முயன்றிருக்கிறார்கள். 1980இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1989 முதல் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம் நடத்திவருகிறது. சுற்றுவட்டாரக் குடிநோயாளிகளை ஊருக்குள்ளேயே சில நாள் தங்கவைத்து, மருந்து கொடுத்து, குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசி, பிறகு ஆண்டு முழுக்கத் தொடர்பில் இருப்பது அதன் முறை. வேலையை விட்டுவிட்டு ஒரு மாதம் நகரத்தில் படுத்திருக்கக் கூலித் தொழிலாளியால் முடியாது என்பதைப் புரிந்துகொண்ட ஏற்பாடு அது.

கல்வராயன் மலையில் இப்படியொரு முகாம் நடத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் கிடந்த அந்த மலை 1976இல்தான் முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. சாலையும் பள்ளியும் பிந்தி ஏறிய இடத்தில் ஊறல் முந்திக்கொண்டது. காய்ச்சுபவர்களிலும் குடிநோயாளிகள் உண்டு. சோதனைக்குப் போகும் காவலர் பேரலைக் கவிழ்க்கலாம், காய்ச்சுபவரின் கை நடுக்கத்துக்கு அவரிடம் என்ன இருக்கிறது?

செய்ய வேண்டியதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். எந்த வீட்டில் யார் காலையிலேயே குடிக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அந்தப் பையில் தயமினையும், மருத்துவர் எழுதிக் கொடுத்த அகாம்ப்ரோசேட் அல்லது நால்ட்ரெக்ஸோனையும் சேர்க்கலாம். நால்ட்ரெக்ஸோனுக்கு முன்பு கல்லீரல் பரிசோதனை வேண்டும், அகாம்ப்ரோசேட்டுக்குச் சிறுநீரகப் பரிசோதனை. இரண்டும் தாலுகா மருத்துவமனையிலேயே முடிகிற வேலை. நடுக்கத்துக்கான மாத்திரைகளை மட்டும் வீட்டுக்குக் கொடுத்துவிடக் கூடாது, அவையே பழக்கமாகும், மதுவோடு சேர்ந்தால் மூச்சை நிறுத்தும்.

அதுவரை, இந்தக் கட்டுரையை வாசிக்கிறவர் வீட்டில் யாராவது இருந்தால் சில விஷயங்கள். காலையில் கை நடுங்குகிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், இல்லாததைப் பார்த்துப் பேசியவர், இவர்கள் வீட்டில் தாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவமனையில்தான் நிறுத்த வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் எந்தக் கிழமை அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கு 14416, இரண்டும் கட்டணமில்லாதவை. பாக்கெட் குடித்தவர் மறுநாள் கண் மங்குகிறது என்றாலோ, வயிறு வலித்து மூச்சு ஆழமாக வாங்கினாலோ, போதை தெளியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108ஐ அழைத்து, டயாலிசிஸ் வசதி உள்ள மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடக் குடித்தவர்கள் யார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர்கள் அப்போது நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருப்பார்கள், அவர்களையும் அழைத்து வரச் சொல்வார்.